கல்லூரியை 2030க்குள் 'கார்பன் நியூட்ரல்' ஆக்கணுமாம். எங்கிருந்து தொடங்குவது?

வயர்மேன் வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு சுயநிதி பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள்ஈ (மின்னியல்) துறையில் இருக்கிறேன். போன வாரம் நாக் (கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு) வேலைக்கான கூட்டம். யாருக்கு எந்த க்ரைட்டீரியன் (மதிப்பீட்டுத் தலைப்பு) என்று பிரித்துக் கொடுத்தார்கள். நான் லேப் முடித்துப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். தாமதமாகப் போகிறவனுக்கு எங்கள் ஊரில் எப்போதும் ஏழாவது க்ரைட்டீரியன்தான். பசுமைத் தணிக்கை, எரிசக்தித் தணிக்கை, சுற்றுச்சூழல் தணிக்கை மூன்றும் என் தலையில்.

அது போதாதென்று கரஸ்பாண்டென்ட் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "2030க்குள் நம்ம கேம்பஸ் கார்பன் நியூட்ரல்னு ஒரு ரிப்போர்ட், மூணு வாரத்துல."

கார்பன் நியூட்ரல் என்றால் வளாகம் விடும் கார்பன் டைஆக்சைடும் ஈடுகட்டுவதும் சமமாகி, கணக்கு பூஜ்யம் ஆவது. பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருட அறிக்கை. மூன்றிலும் மரக்கன்று நடும் ஜியோடேக் போட்டோ. அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் கடைசி எண் வரை ஒன்று. அதாவது மூன்று வருடமும் ஒரே குழி.

வளாகத்தில் 4,000 மாணவர்கள், பாதிப் பேர் விடுதி. 40 பேருந்து. ஹெச்.டி. (உயர் அழுத்த மின்) இணைப்பு. இரண்டு ஜெனரேட்டர். நான் யோசித்து வைத்திருப்பது: 500 கிலோவாட் சோலார், 1,000 மரக்கன்று, வாரம் ஒரு நாள் சைக்கிள். இது போதுமா? இந்த வேலையைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கிளாம்ப் மீட்டர்

எரிசக்தித் தணிக்கைதான் சார் என் பிழைப்பு. இதுவரை பன்னிரண்டு கல்லூரிக்காவது போயிருப்பேன். எல்லா இடத்திலும் இதே மூன்றைத்தான் சொல்வார்கள், இதே வரிசையில்.

சோலாரைக் கொஞ்சம் ஒத்திப் போடுங்கள். முதலில் ஐந்து கோப்பு எடுங்கள்: இரண்டு வருட ஈபி பில், ஜெனரேட்டர் டீசல் ரிஜிஸ்டர், பேருந்து டீசல் கணக்கு, மெஸ் கேஸ் பில், கடைசியாக ஏசி சர்வீஸ்காரர் கொடுத்த பில்கள். ஐந்தாவதை யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். அதை ஏன் கேட்கிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டைஆக்சைடு. டீசல் ஒரு லிட்டர் எரித்தால் கிட்டத்தட்ட 2.7 கிலோ. சமையல் கேஸ் ஒரு கிலோவுக்கு 3 கிலோ, அதாவது 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 57 கிலோ. நீங்கள் உங்கள் இடத்திலேயே எரிப்பது ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மாணவர் வண்டி, வாங்கும் பொருள், குப்பை, விமானப் பயணம் எல்லாம் ஸ்கோப் 3. பேருந்து கல்லூரியுடையது என்றால் 1, கான்ட்ராக்ட் வண்டி என்றால் 3. இதை வைத்துப் பேருந்தையெல்லாம் ஒரு டிராவல்ஸ் பெயருக்கு மாற்றிவிட்டு 'ஸ்கோப் 1 குறைந்துவிட்டது' என்று எழுதிய இடத்தையும் பார்த்திருக்கிறேன். பெயர் கேட்காதீர்கள்.

மரக்கன்று விஷயம். நன்றாக வளர்ந்த ஒரு மரம் வருடத்துக்கு 20 கிலோ அளவில் இழுக்கும் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. கன்று நட்ட வருடமே அந்த 20 கிலோவை எழுதாதீர்கள். ஆடு கடித்தது போக எத்தனை நிற்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

ஏட்டிக்குப் போட்டி

நான் வழக்கம்போல எதிர்க்கட்சி. தூத்துக்குடியிலும் வடசென்னையிலும் கப்பல் கப்பலாக நிலக்கரி எரிகிறது. அதை விட்டுவிட்டு ஒரு கல்லூரியில் டியூப்லைட் மாற்றி உலகத்தைக் காப்பாற்றப் போகிறீர்களா? இது முழுக்க நாக் புள்ளிக்கும் விளம்பரத்துக்கும்தான். அடுத்த அட்மிஷன் பிளெக்ஸில் ஒரு பச்சை இலை சேரும், அவ்வளவுதான்.

பின்வரிசைப் பையன்

நான் மூன்றாம் வருடம், வேறு கல்லூரி. அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. எங்கள் விடுதியில் இரவு 11 மணிக்கு மெயினை அணைத்து விடுவார்கள். கேட்டால் 'சேவ் எனர்ஜி'. அதே வளாகத்தில் ஆடிட்டோரியம் ஏசி 18ல் ஓடும். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவது மரியாதைக்காக என்று முதல் வருடம் நினைத்திருந்தேன். இப்போது அது உயிர் காக்கும் ஏற்பாடு என்று புரிகிறது.

சேமிப்பு என்றாலே மாணவனுக்குத்தான் உபதேசம். வகுப்பறையில் 'ஃபேனை அணைக்கவும்' ஸ்டிக்கர். கரஸ்பாண்டென்ட் அறை வாசலில் அந்த ஸ்டிக்கர் கிடையாது.

கிளாம்ப் மீட்டர்

தம்பி, அந்த ஆடிட்டோரியத்தைப் பற்றி ஒரு தகவல். அறை ஏசிக்கெல்லாம் 2020லிருந்து தொடக்க வெப்பநிலை 24 என்று விதி. ஒரு டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகம் சொல்லும் கணக்கு. 18ஐ 24 ஆக்கினால் பொன்னாடையும் மிச்சம்.

ஏட்டிக்குப் போட்டி அண்ணா, அந்த நிலக்கரி எரிந்து வரும் மின்சாரத்தைத்தானே இவர்கள் வாங்குகிறார்கள்? வாங்குவது குறைந்தால் எரிப்பது குறையும். விளம்பரத்துக்குச் செய்கிறார்கள் என்பது சரிதான். விளம்பரத்துக்குப் போட்ட எல்இடியும் 20 வாட்தான் இழுக்கும்.

பழைய ஈபி

மின்வாரியத்தில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி வயர்மேன் வாத்தியார், உங்களுக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன். காசு செலவில்லை.

விடுமுறை நாள் ஒன்று பாருங்கள். பொங்கல் வருகிறது, நல்ல சமயம். விடுதி காலி. இரவு ஒரு மணிக்குப் போய் ஹெச்.டி. மீட்டரில் ரீடிங் எடுங்கள். மூன்று மணிக்கு மறுபடி எடுங்கள். வித்தியாசத்தை எம்.எஃப். என்கிற மீட்டரின் பெருக்கல் எண்ணால் பெருக்குங்கள். ஆளே இல்லாத கல்லூரி என்ன தின்கிறது என்று தெரியும். அதைத் தெரிந்துகொண்டு அப்புறம் சோலாரைப் பற்றிப் பேசலாம்.

நான் சர்வீஸில் இருந்தபோது ஒரு மில் முதலாளி, பில் அதிகம், மீட்டர் ஓடுகிறது என்று சண்டைக்கு வந்தார். இரவில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மில் பூட்டியிருக்கிறது, மீட்டர் ஓடுகிறது. மீட்டரில் கோளாறு இல்லை. பின்பக்கம் கம்ப்ரசர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, குழாயெல்லாம் லீக்.

வயர்மேன் வாத்தியார்

ஐயா சொன்னபடி மாட்டுப்பொங்கல் இரவு போனேன். வீட்டில் திட்டு. 'ஊரே மஞ்சுவிரட்டுப் பார்க்குது, நீங்க மீட்டர் பார்க்கப் போறீங்களா?'

நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் பெட்டிக்கு முன்னால் இரவு 1.05க்கு நின்றேன். எங்கள் எம்.எஃப். 1,000. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் மீட்டருக்காகக் குறைத்துக் கொடுக்கும் கருவிகள் 11 கேவி பி.டி., 50/5 சி.டி., கணக்குச் சரியாக வருகிறது. 3.05க்கு மறுபடி பார்த்தால் வித்தியாசம் 0.16. இரண்டு மணி நேரத்தில் 160 யூனிட். ஆளில்லாத வளாகம் மணிக்கு 80 யூனிட் தின்றுகொண்டிருக்கிறது. முதலில் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இன்னொரு மணி நேரம் உட்கார்ந்தேன். 0.08. அதேதான்.

இடைப்பட்ட நேரத்தில் வாட்ச்மேன் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு டார்ச்சோடு சுற்றினேன். முதல் மாடி ஏறும்போதே சத்தம் கேட்டது. ஒவ்வொரு தளத்துக் கழிப்பறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன். சுவிட்ச் எங்கே என்றால் இல்லை, நேராக டிபியில் (மின் விநியோகப் பெட்டி) கொடுத்திருக்கிறார்கள். கட்டடம் திறந்த நாளிலிருந்து ஓடுகிறது போல. தாழ்வாரத்துக்கு இரண்டாக வாட்டர் கூலர், யாரும் குடிக்காத தண்ணீரை விடிய விடியக் குளிர்விக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர் லேபில் சிபியூ எல்லாம் பச்சை விளக்கோடு விழித்திருக்கிறது. சர்வர் அறை ஏசி 16ல். லேங்வேஜ் லேபிலும் ஏசி ஓடுகிறது, சாவி மேடத்திடம், மேடம் திருச்சியில்.

விடுதிப் பக்கம் போனால் மழை பெய்கிற மாதிரி சத்தம். ஓவர்ஹெட் டேங்க் நிரம்பி வழிகிறது. மோட்டாருக்கு டைமர் வைத்திருக்கிறார்கள், விடுதி நிறைந்திருக்கும்போது போட்ட அதே நேரம். பசங்கள் ஊருக்குப் போனது டைமருக்குத் தெரியாது. கீழே புல் செழிப்பாக வளர்ந்திருக்கிறது. போன வருட அறிக்கையில் அந்தப் புல்லை 'பசுமைப் பரப்பு' என்று போட்டோ போட்டிருக்கிறோம்!

"அண்ணாச்சி, இந்த மோட்டார் எப்போதிருந்து இப்படி?" என்று கேட்டேன்.

"இது எப்பவும் ஓடும் சார். நின்னாத்தான் போன் பண்ணுவாங்க."

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். தூக்கம் போய்விட்டது. 80 கிலோவாட் வருடம் முழுக்க, 8,760 மணி நேரம்: ஏழு லட்சம் யூனிட். இங்கே ஒரு கிலோவாட் சோலார் வருடத்துக்குச் சுமார் 1,400 யூனிட் தரும். நான் போடச் சொல்லவிருந்த 500 கிலோவாட் தருவது எவ்வளவு? ஏழு லட்சம் யூனிட்!

அதாவது கோடிக்கணக்கில் செலவழித்து மொட்டைமாடி முழுக்கப் பேனல் போட்டு, அது முழுவதையும் காலி கழிப்பறைக்கும் வழியும் டேங்குக்கும் கொடுத்துவிட்டு, 'கார்பன் நியூட்ரலை நோக்கி' என்று எழுதியிருப்பேன்.

பழைய ஈபி

சபாஷ். வீட்டில் நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

80ல் எல்லாமே வீண் இல்லை. தெருவிளக்கு வேண்டும், சர்வர் வேண்டும், சிசிடிவி வேண்டும். பாதியைக் குறைக்க முடிந்தாலே பெரிய விஷயம். இன்னொன்று, உங்கள் யார்டில் எத்தனை டிரான்ஸ்பார்மர்? இரண்டு இருந்து லோடு ஒன்றுக்கே போதுமென்றால், மே மாதம் இன்னொன்றை அணைத்து வைக்கலாம். லோடே இல்லாவிட்டாலும் 500 கேவிஏ டிரான்ஸ்பார்மர் சும்மா நிற்பதற்கே சுமார் ஒரு கிலோவாட் சாப்பிடும்.

சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போடும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று நிழல். மொட்டைமாடியில் கறுப்பு டேங்க் இருக்கும், அதன் நிழல் சாயங்காலம் ஒரு பேனலில் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க உற்பத்தி படுக்கும். இரண்டாவது கழுவுகிற ஆள். முதல் வருடம் கம்பெனிக்காரன் வருவான், அப்புறம்? மூன்றாவது, கம்பெனியே முதலீடு போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் ஒப்பந்தம் என்றால் அது 25 வருடக் கல்யாணம். மே மாதம் கல்லூரி மூடியிருக்கும்போது வெயில் கொளுத்தும், உற்பத்தி நன்றாக இருக்கும், உங்களுக்குத் தேவை இருக்காது. அந்த மிச்ச யூனிட்டுக்கு யார் யாருக்கு என்ன தருவது என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்.

காற்றாலைப் பங்கும் ஒரு வழி. பலர் சேர்ந்து சொந்தத் தேவைக்கு மின்நிலையம் வைப்பது, குரூப் கேப்டிவ் என்பார்கள். பயன்படுத்துகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதத்தை அவர்களே எடுக்க வேண்டும். ஆடிக்காற்றில் நன்றாக ஓடும், தை மாசியில் படுத்துவிடும்.

மெஸ் சித்தப்பா

ஒரு பெரிய விடுதியில் மெஸ் பார்க்கிறேன். இவ்வளவு பேர் கரண்ட் பற்றிப் பேசுகிறீர்கள், சோற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எங்களுக்கும் ஒருமுறை பசுமைத் திட்டம் என்று சாண எரிவாயு மாதிரி ஒரு பிளான்ட் கட்டிக் கொடுத்தார்கள். கல்வெட்டு, ரிப்பன் எல்லாம் உண்டு. நாலு மாதம் நன்றாக எரிந்தது. அப்புறம் பசங்கள் தட்டைக் கவிழ்க்கும்போது எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, கோழி எலும்பு, ஊறுகாய்ப் பாக்கெட் எல்லாம் சேர்ந்து உள்ளே போனது. பிளான்ட் புளித்துவிட்டது. தேர்வு விடுமுறையில் தீனி போட ஆளில்லை. ஜூனில் திறந்து பார்த்தால் செத்துக் கிடந்தது. இப்போது அதன் மேல் துணி காய்கிறது.

எச்சில் சோறு பழையபடி டிரம்மில் போகிறது. தினமும் காலையில் பன்றி வளர்ப்பவர் மூன்று சக்கர வண்டியில் வருவார். மாதம் இவ்வளவு என்று எங்களுக்குப் பணமும் தருகிறார். தணிக்கைக்கு வந்த ஒருவர் இதை 'அறிவியல் முறையற்ற கழிவு மேலாண்மை' என்று எழுதிவிட்டுப் போனார். எது அறிவியல்?

கிளாம்ப் மீட்டர்

சித்தப்பா, என்னைக் கேட்டால் உங்கள் பன்றிக்காரர் பக்கம்தான் நியாயம். சோறு குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் புதைந்து அழுகினால்தான் மீத்தேன், அது கார்பன் டைஆக்சைடைவிடப் பல மடங்கு சூடேற்றும். பன்றி தின்றுவிட்டால் அந்தப் பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்தது. கல்லூரி செய்ய வேண்டியது அவரைத் துரத்தாமல் இருப்பது.

பிளான்ட் வைக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. 200 கிலோ உணவுக் கழிவு ஒழுங்காகப் போட்டால் 20 கனமீட்டர் வாயு வரலாம். அது 8, 9 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம், நாளைக்கு அரை சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவு. லாபம்தான். ஆனால் தட்டைத் தனியாகப் பிரித்துப் போட ஒரு ஆள், மே மாதம் சாணி கரைத்து ஊற்ற ஒரு ஆள். இந்த இரண்டு சம்பளத்தை எழுதாத திட்டத்துக்கெல்லாம் கடைசியில் துணி காயப்போடுவதுதான் பயன்.

அதைவிட முதல் வேலை 200 கிலோ மிஞ்சாமல் பார்ப்பது. நான் பார்த்த ஒரு மெஸ்ஸில் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தராசும் கரும்பலகையும் வைத்தார்கள். நேற்று இத்தனை கிலோ கொட்டினோம் என்று சாக்பீஸில் எழுதுவது. அவ்வளவுதான். திங்கட்கிழமை உப்புமா அன்று எண் எகிறுவதைப் பார்த்து மெஸ் கமிட்டியே மெனுவை மாற்றியது.

அப்புறம் அந்த ஐந்தாவது கோப்பு, ஏசி சர்வீஸ் பில். 'கேஸ் ஃபில்லிங்' என்று எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். பழைய ஏசியில் குளிரூட்டும் வாயு ஆர்22, கொஞ்சம் புதியதில் ஆர்410ஏ. இந்த 410ஏ ஒரு கிலோ லீக்கானால் இரண்டு டன்னுக்கு மேல் கார்பன் டைஆக்சைடு விட்டதற்குச் சமம். டீசலில் சொன்னால் 780 லிட்டர் எரித்தது மாதிரி. வருடா வருடம் அதே ஏசிக்கு கேஸ் போடுகிறோம் என்றால் போன வருடம் போட்டது எங்கே போனது? லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் அடிக்கிற சர்வீஸ்காரரை மாற்றுவது ஒரு தோப்பு வைப்பதற்குச் சமம். புதிதாக வாங்கினால் ஆர்32 பாருங்கள், அதன் பாதிப்பு மூன்றில் ஒரு பங்குதான்.

குளிர்நாட்டுக் குயில்

சூரிச்சில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். இந்த இழையைப் படிக்கப் படிக்கச் சிரிப்பும் ஏக்கமும்.

இங்கே பிரச்சினை தலைகீழ். இங்குள்ள ஈடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு வளாகத்துக்கு அடியில் 200 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டுக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். கோடையில் ஆய்வகங்களும் சர்வர்களும் வெளியே தள்ளும் வெப்பத்தை மண்ணுக்குள் சேமித்து, பனிக்காலத்தில் மேலே எடுத்துக் கட்டடத்தைச் சூடாக்குகிறார்கள். நெல்லைக் குதிரில் போட்டு வைப்பது மாதிரி. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து பக்கத்து ஏரியின் ஆழத்துக் குளிர்ந்த நீரை வைத்தே வளாகத்தைக் குளிர்விக்கிறது.

ஆனால் கட்டடத்தைச் சரிசெய்தபிறகு கணக்கைப் பார்த்தால் பெரிய துண்டு விமானம். மாநாட்டுக்கு, கள ஆய்வுக்கு, நேர்முகத்துக்கு என்று பேராசிரியர்கள் பறப்பது. 2017லிருந்து துறைவாரியாக அதைக் குறைக்க முயற்சி செய்கிறார்கள். யாரும் கூட்டத்தில் எதிர்த்துப் பேச மாட்டார்கள், அவரவர் டிக்கெட் என்று வரும்போதுதான் முகம் மாறும்.

ஏட்டிக்குப் போட்டி

ஏரித் தண்ணீரா? எங்கள் கண்மாயில் சித்திரையில் கிரிக்கெட் விளையாடுகிறார்கள்.

சரி, நேரடியாகக் கேட்கிறேன். கடைசியில் மிச்சம் இருப்பதற்கு கார்பன் கிரெடிட் (வேறு எங்கோ குறைத்த கார்பனுக்கான சான்று) வாங்கிவிட்டால் கணக்கு பூஜ்யம். 2030 வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அடுத்த மாதமே நியூட்ரல் ஆகிவிடலாமே.

குளிர்நாட்டுக் குயில்

நீங்கள் கிண்டலாகச் சொன்னதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் உண்மையாகவே யோசித்தது. பத்து வளாகம். 2013இல் அறிவித்தார்கள், 2025க்குள் ஸ்கோப் 1, 2 இரண்டிலும் நியூட்ரல் என்று. வளாகங்களில் இயற்கை எரிவாயு நிலையங்கள் ஓடிக்கொண்டே இருக்க, மிச்சத்தைக் கிரெடிட்டால் ஈடுகட்டலாம் என்பது திட்டத்தின் ஒரு பகுதி. உள்ளேயிருந்தே பேராசிரியர்களும் மாணவர்களும் கேள்வி கேட்டார்கள்: காசு கொடுத்து வாங்கும் அந்தச் சேமிப்பு உண்மையில் நடந்ததா? நாம் காசு கொடுக்காவிட்டாலும் அது நடந்திருக்குமா? கெடு நெருங்கும்போது கொள்கையையே மாற்றினார்கள். இப்போது இலக்கு 2045க்குள் 2019 அளவிலிருந்து 90 சதவீதம் குறைப்பது. வருடம் தள்ளிப்போனது. ஆனால் எனக்கு அந்த இரண்டாவது இலக்குதான் நேர்மையாகப் படுகிறது.

ஏட்டிக்குப் போட்டி

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் அந்த 40 டீசல் பேருந்தை நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணுக்கு முன்னால் புகை விடுவது அதுதானே?

கிளாம்ப் மீட்டர்

அதுதான் இல்லை. கணக்குப் பார்ப்போம். ஒரு பேருந்து போகவர 80 கிலோமீட்டர், லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் என்றால் நாளைக்கு 18 லிட்டர், 48 கிலோ. 200 வேலைநாளில் ஒன்பதரை டன். 40 பேருந்துக்கு 380 டன். பெரிய எண்தான். மரக்கணக்கில் 19,000 மரம், வயர்மேன் சாரின் ஒரே குழி தாங்காது.

ஆனால் 50 பேர் ஏறினால் ஆளுக்கு ஒரு கிலோ. அதே 80 கிலோமீட்டரை ஒரு பையன் பைக்கில் வந்தால் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் பெட்ரோல், நாலு கிலோ. பேருந்தை நிறுத்தினால் கல்லூரியின் ஸ்கோப் 1 அழகாகக் குறையும், வானத்துக்குப் போகும் புகை மூன்று நான்கு மடங்கு ஆகும். பேருந்து நிறைந்து ஓட வேண்டும், அதுதான் முக்கியம். பாதி காலியாக ஓடினால் இந்தக் கணக்கே மாறிவிடும். மின்பேருந்து வரட்டும், பகலெல்லாம் வளாகத்தில் சும்மா நிற்கிற வண்டிக்கு மதியச் சோலாரில் சார்ஜ் போடுவது கல்லூரிக்குத்தான் வாய்ப்பான வேலை. ஆனால் விலை இன்று எல்லா நிர்வாகத்துக்கும் கட்டாது.

பின்வரிசைப் பையன்

எங்கள் ரூட்டில் பேருந்து பாதி காலி. காரணம் சொல்லட்டுமா? பஸ் கட்டணத்தை ஏற்றினார்கள், பத்துப் பேர் பைக்குக்கு மாறினார்கள். அது ஒன்று. பெரிய காரணம் வேறு. 4.20க்கு எல்லா வண்டியும் கிளம்பிவிடும். அதற்கப்புறம் கிளம்பும் வண்டி கிடையாது. ப்ராஜெக்ட், விளையாட்டு, பிளேஸ்மென்ட் பயிற்சி என்று எதற்காவது நின்றால் வீட்டுக்குப் போக வழி இல்லை. அதனால் வாரத்தில் இரண்டு நாள் நிற்க வேண்டியவன் ஐந்து நாளும் பைக்கில் வருகிறான். பெண்களுக்கு அதுவும் முடியாது, அவர்கள் ப்ராஜெக்ட்டையே விட்டுவிடுகிறார்கள்.

கிளாம்ப் மீட்டர்

பன்னிரண்டு கல்லூரியில் ஒரு மாணவனிடமும் இதைக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. குறித்துக்கொண்டேன் தம்பி.

வயர்மேன் வாத்தியார்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். இழை இன்னும் உயிரோடு இருப்பதில் மகிழ்ச்சி.

அறிக்கையில் மீட்டர் ரீடிங்கை முதல் பக்கத்தில் வைத்தேன். முதல்வர் இரண்டு தடவை புரட்டிவிட்டு, "எல்லாம் சரி சார், போட்டோ எங்கே?" என்றார். நிறுத்தி வைத்த மோட்டாரை எப்படிப் போட்டோ எடுப்பது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்தில் ஒரு மரக்கன்று வைத்து எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துவிட்டேன். என்ன செய்வது.

ஆனால் ஏழு லட்சம் யூனிட்டைப் பணமாக்கிக் காட்டியபோது கரஸ்பாண்டென்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். டேங்குக்கெல்லாம் ஃப்ளோட் சுவிட்ச் வந்துவிட்டது. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் கூலருக்கும் டைமர், நானும் இரண்டாம் வருடப் பசங்களும் சேர்ந்து மாட்டினோம், அதையே அவர்களுக்கு மினி ப்ராஜெக்ட் ஆக்கிவிட்டேன். கம்ப்யூட்டர் லேப் இன்சார்ஜ் மட்டும் 'அப்டேட் ஓடும், அணைக்கக் கூடாது' என்று பிடிவாதம், பேச்சுவார்த்தை நடக்கிறது. சர்வர் அறை 16லிருந்து 23க்கு வந்தது. யாரோ மறுபடி 16க்குக் குறைத்தார்கள். நான் மறுபடி ஏற்றினேன். ரிமோட் இப்போது என் மேசை டிராயரில்.

ஃபேனில் ஒரு பாடம். 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வகை) மாற்றினால் நாளுக்கு 10 மணி நேரம், 250 நாள் கணக்கில் ஒன்றுக்கு 110 யூனிட் மிச்சம், மூன்று வருடத்தில் போட்ட காசு வந்துவிடும் என்று எழுதி 60 வாங்க அனுமதி கிடைத்தது. ரிமோட் வகை வாங்கிவிட்டார்கள். ஒரே வாரத்தில் 11 ரிமோட் காணவில்லை, நாலு வகுப்பில் ஃபேன் ஒன்றாம் வேகத்திலேயே சுற்றுகிறது. வாங்கப் போகிறவர்கள் சுவர் ரெகுலேட்டரோடு வரும் வகை கேட்டு வாங்குங்கள்.

அண்ணாச்சிக்கு ரீடிங் எடுக்கக் கற்றுக் கொடுத்தேன். இப்போது தினமும் இரவு ஒன்று, மூன்று மணி ரீடிங்கைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். போன வெள்ளிக்கிழமை ரீடிங் திடீரென்று கூடியிருந்தது. அவரே தேடிப் போய் ஆடிட்டோரியத்தில் அணைக்காமல் விட்ட ஏசியைக் கண்டுபிடித்திருக்கிறார். "சார், 18ல வச்சிருந்தானுவ" என்று வாய்ஸ் மெசேஜ்.

விடுமுறை இரவுக் கணக்கு இனி மே மாதம்தான் ஒழுங்காகத் தெரியும். அப்போது எழுதுகிறேன். சோலார் 500 வேண்டாம், முதலில் 200 போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

பையா, உன் விஷயத்தையும் கூட்டத்தில் சொன்னேன். மூன்று பெரிய ரூட்டுக்குத் தலா ஒரு வண்டி மாலை 6 மணிக்கு விட ஒப்புக்கொண்டார்கள். திங்கள் முதல்.

பின்வரிசைப் பையன்

சார், 6.10 ஆக வைக்கச் சொல்லுங்கள். 6 மணி என்றால் லேபில் ரெக்கார்டு கையெழுத்து வாங்கி வருவதற்குள் வண்டி கேட்டைத் தாண்டியிருக்கும்.